லைப்ரரியை மாற்றலாம், அது எழுதி வைத்ததை?

தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்றுதான் இந்த நீண்ட பதிவுக்குக் காரணம். இடம் மொரீஷியஸ். ஒரு கோயில் சங்கத்தின் மடிக்கணினியில் ஓடும் பதிவேட்டு மென்பொருள். ஒவ்வொருவர் பெயரும் அதில் இரண்டு பத்திகளில் இருக்கும். அடையாள அட்டையில் உள்ளபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒன்று, தமிழில் ஒன்று. சுப்பிரமணியன் ஒரு பத்தியில் சுப்பிரமணியன், அடுத்ததில் சூப்ரமானியென். மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்ட பிறகு அச்சான பட்டியலில், முன்பே பதிந்த பெயர்கள் அகரவரிசையில் ஒரு கட்டாகவும், பிறகு பதிந்தவை மறுபடி அகரத்தில் தொடங்கி வேறொரு கட்டாகவும் நின்றன. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பில்ட் (நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் வேலை) பச்சை. சோதனைகள் அத்தனையும் தேறியிருந்தன. மாறியிருந்தது பில்ட் கோப்பில் ஒரே ஒரு லைப்ரரியின், அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பின், வெர்ஷன் எண்.

வரிசைதானே என்று இதை விட்டுவிட முடியாது. காவடி நாள் காலையில் வாசலில் நின்று பெயர் சரிபார்ப்பவர் தாளில் விரலை ஓட்டித் தேடுகிறார். கமலா இருக்க வேண்டிய இடத்தில் கமலா இல்லையென்றால், அந்த அம்மா பெயர் கொடுக்கவே இல்லை என்றுதான் நினைப்பார். அதுவும் இந்தத் தீவில் வரிசைக்கு ஒரு தனி எடை உண்டு. 1998-இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதும் எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்த லைப்ரரி எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஜாவா நிரல்மொழியின் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) இயல்பாக ஒப்பிடப்படுவது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு அட்டவணை தரும் எண்படி. அந்த அட்டவணையில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற. ஜ நிற்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். புள்ளி எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால். எனவே எண்படி அடுக்கினால் கணேசன், கண்ணன், கனகம்மா, கமலா, ஜெயா, வேலு என்று வரும். மாலை நேரத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைகூடக் கண்ணன், கணேசன், கமலா, கனகம்மா, வேலு, ஜெயா என்று திருத்தும். மெய் முதலில், பிறகு உயிர்மெய், ன கடைசி, கிரந்தம் அதற்கும் பின். இந்த முறையைச் சரியாகத் தருவது ஐசியூ4ஜே லைப்ரரி. ஆகவே அது வேண்டும். கேள்வி, மாட்யூல்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரித்த மென்பொருளில் அதை எப்படி வைத்திருப்பது என்பதுதான்.

எண்ணைப் பூட்டுவது பாதி வேலை

சார்பு மேலாண்மை (மென்பொருள் நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பராமரிப்பது) என்றாலே வெர்ஷன் எண்களை ஒழுங்காக வைத்திருப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை; அதைச் செய்யாமல் வேறெதையும் செய்ய முடியாது. பதிவேடு, ரசீது, பஞ்சாங்கம், அச்சு என்று நான்கு மாட்யூல்கள், நடுவில் ஒரு கரு மாட்யூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடு நேரடியாக ஐசியூவின் பழைய வெர்ஷனைக் கேட்கிறது. அச்சு மாட்யூல் இழுத்து வரும் வேறொரு லைப்ரரி புதியதைக் கேட்கிறது. பில்ட் கருவிகளில் ஒன்றான மேவன் இங்கே சார்பு மரத்தில் (எது எதை இழுத்து வருகிறது என்ற கிளைப்படத்தில்) வேருக்கு அருகில் இருப்பதை எடுக்கும். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் முதலில் எழுதியதை எடுக்கும். எண் பெரிதா சிறிதா என்று பார்க்காது. மற்றொரு பில்ட் கருவியான கிரேடில் பெரிய எண்ணை எடுக்கும். ஒரே திட்டத்தை மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாற்றும்போது, ஒரு வரி நிரலும் மாறாமலே வேறு ஜார்கள் (தொகுத்த லைப்ரரிக் கோப்புகள்) உள்ளே வருவது இதனால்தான். மேவனில் பழையது வென்றுவிட்டால் தொகுப்பு பிரச்சினையின்றி முடியும், ஏனென்றால் அச்சு மாட்யூல் இழுத்து வந்த அந்த லைப்ரரி ஏற்கெனவே தொகுக்கப்பட்டுத்தான் வருகிறது. ஓடும்போது, அதுவும் யாராவது அச்சுப் பொத்தானை அழுத்தும்போதுதான், அப்படியொரு மெத்தட் (செயற்கூறு) இல்லை என்று விழும்.

மருந்து தெரிந்ததுதான். வெர்ஷன் எண்கள் எல்லாம் ஒரே இடத்தில்: கிரேடிலில் வெர்ஷன் கேட்டலாக் கோப்பு, மேவனில் தாய்த் திட்டத்தின் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதி. எந்த மாட்யூலும் தன் கோப்பில் எண்ணே எழுதக் கூடாது. மேவனில் என்ஃபோர்சர் செருகியின் டிபென்டென்சி கன்வர்ஜன்ஸ் விதியைப் போட்டால், ஒரே லைப்ரரிக்கு இரண்டு எண்கள் கேட்கப்படும்போது பில்ட் அங்கேயே நிற்கும். கிரேடிலில், தேர்ந்த எண்களைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பை எழுதி, அதையும் நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் சேர்த்துவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட எண் ஏன் வந்தது என்று புரியாவிட்டால் டிபென்டென்சி இன்சைட் கட்டளை, எந்த வழியாக வந்தது என்று காரணத்தோடு காட்டும். கிடைப்பதில் புதியதை எடு என்று சொல்லும், 1.+ போன்ற கூட்டல் குறி போட்ட வெர்ஷன்களை எழுதுவதை அடியோடு நிறுத்துங்கள். காலையில் ஓடிய பில்ட்டும் மறுநாள் ஓடிய பில்ட்டும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை அது கொன்றுவிடும்.

இவ்வளவும் அந்தப் பதிவேட்டு மென்பொருளில் இருந்தன. எண் ஒரே இடத்தில். லாக் கோப்பு சரி. எல்லா மாட்யூல்களும் ஒரே ஐசியூவைப் பயன்படுத்தின. பட்டியல் அப்படியும் கலைந்தது.

வாசலில் என்ன தெரிகிறது

எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு மாட்யூல் உள்ளே வைத்திருக்கும் லைப்ரரி, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிகிறதா? வீட்டுக்குள் எந்த அடுப்பு என்பது வீட்டாரின் விஷயம். விருந்தாளியும் அந்த அடுப்பைத் தெரிந்துகொண்டால்தான் சாப்பிட முடியும் என்றால் அடுப்பை மாற்றவே முடியாது.

பதிவேடு மாட்யூலில் வரிசைக்கான ஒரு மெத்தட் ஐசியூவின் கொலேட்டர் (பெயர்களை ஒப்பிடும் பொருள்) வகையையே திருப்பிக் கொடுக்கிறது என்றால், ரசீதும் அச்சும் பஞ்சாங்கமும் ஐசியூவைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கிரேடிலில் அந்தச் சார்பை ஏபிஐ (வெளியாருக்கும் தெரிவது) என்று அறிவிக்க நேரும். ஜாவா மாட்யூல் கோப்பில் ரிக்வயர்ஸ் டிரான்சிட்டிவ் என்று எழுத நேரும். இந்த இரண்டு சொற்களில் ஒன்றை எழுதும்போதெல்லாம் கை தயங்க வேண்டும். ஐசியூவின் கொலேட்டர் ஒப்பிடுவதற்கான ஜாவாவின் சொந்த கம்பேரேட்டர் இடைமுகத்தை நிறைவேற்றுகிறது. எனவே வெளியே கம்பேரேட்டரை மட்டும் கொடுத்தால் போதும், ஐசியூ இம்ப்ளிமென்டேஷன் (உள்வேலைக்கு மட்டும்) என்ற அறிவிப்போடு உள்ளேயே தங்கிவிடும். கொடுக்கும் முன், கொலேட்டரை மாற்ற முடியாதபடி உறைய வைக்கும் அதன் ஃப்ரீஸ் மெத்தடை அழைத்துவிடுங்கள். உறையாத கொலேட்டரைப் பல திரெட்டுகள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல. அச்சு பின்னணியில் ஓடும்போது திரையில் யாராவது வரிசைத் தலைப்பைச் சொடுக்கினால் அது போதும்.

இரண்டு வெர்ஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பவர்கள் ஓஎஸ்ஜிஐ என்ற ஜாவா மாட்யூல் அமைப்பின் பக்கம் போவார்கள். நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸ் 2004-இல் வந்த 3.0 முதல் அதன் மேல்தான் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு பண்டிலுக்கும் (மாட்யூலுக்கு அங்குள்ள பெயர்) நிரலை ஏற்றும் தனி கிளாஸ்லோடர், ஆகவே ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் ஒரே நிரலில் வாழலாம். ஆனால் ஒன்றின் பொருள் மற்றொன்றின் கைக்குப் போன நொடியில், கொலேட்டரைக் கொலேட்டராக மாற்ற முடியாது என்ற, படித்தால் தலை சுற்றும் பிழை வரும். பெயர் ஒன்று, கிளாஸ்லோடர் வேறு. அதாவது அங்கும் காப்பாற்றுவது வாசலில் எதைக் காட்டுகிறோம் என்பதுதான். ஜாவா 9-இல் வந்த மாட்யூல் முறையோ வெர்ஷன் தேர்வில் தலையிடுவதே இல்லை, அதைப் பில்ட் கருவிக்கே விட்டுவிட்டது. சிறிய குழு எழுதும் மேசைக் கணினி மென்பொருளுக்கு ஓஎஸ்ஜிஐ தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரே வெர்ஷன், மூடிய வாசல், இதுவே தாங்கும்.

வட்டில் எழுதியது யார்?

அந்த மென்பொருளில் வாசலும் மூடியே இருந்தது. கம்பேரேட்டர்தான் வெளியே வந்தது. ஐசியூ என்ற சொல் ஒரே ஒரு மாட்யூலில், ஒரே ஒரு கோப்பில். பிறகு எங்கே கசிந்தது?

தரவுத்தளத்தில். பெயர்களை ஒவ்வொரு முறையும் ஒப்பிடாமல் விரைவாக அடுக்குவதற்கு ஐசியூ ஒரு வசதி தருகிறது. ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்கு ஒரு பைட் தொடரைத் தரும். இரண்டு தொடர்களை எண்களாக ஒப்பிட்டாலே பெயர்களின் சரியான வரிசை கிடைத்துவிடும். இதை வரிசைச் சாவி என்று சொல்லலாம். பதிவேடு ஒவ்வொரு பெயரோடும் அதன் சாவியையும் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேமித்துவிட்டு, பட்டியல் எடுக்கும்போது அந்தப் பத்தியின்படி அடுக்கச் சொன்னது. நல்ல உத்தி. ஆனால் அந்தச் சாவி, அதை உருவாக்கிய ஐசியூ வெர்ஷனுக்குள் மட்டுமே பொருளுள்ளது. ஐசியூ ஆண்டுக்கு இரண்டு முறை வெளியாகிறது. யூனிகோடில் புதிய எழுத்துமுறைகள் சேரும்போது உள்ளே ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்படும் எடைகள் நகர்கின்றன. தமிழின் அகரவரிசை மாறவில்லை, ஆனால் தமிழ் எழுத்துகள் அனைத்துக்குமான எடைகள் மொத்தமாக வேறிடத்துக்குப் போய்விட்டன. பழைய பெயர்களுக்குப் பழைய எடையில் சாவி, புதிய பெயர்களுக்குப் புதிய எடையில். அதனால்தான் இரண்டு கட்டுகள், ஒவ்வொன்றும் தனக்குள் மிகச் சரியாக. வெவ்வேறு வெர்ஷன்களின் சாவிகளை ஒப்பிடக் கூடாது என்று ஐசியூவின் கையேடு தெளிவாகவே சொல்கிறது.

சார்புப் பட்டியல் என்று நாம் நினைப்பது பில்ட் கோப்பில் இருப்பதை. அது தொகுப்பு நேரப் பட்டியல். ஜாரை மாற்றினால் அந்தச் சார்பு போய்விடும். பயனரின் வட்டில் ஒரு லைப்ரரி எழுதிய பைட்டுகள் ஜாரோடு போவதில்லை. அவை அடுத்த வெர்ஷன் மீதும், அதற்கடுத்ததன் மீதும் சார்ந்தே கிடக்கின்றன. இந்தச் சார்பை மேவனின் மரமும் காட்டாது, கிரேடிலின் லாக்கும் பிடிக்காது. இணையதளமென்றால் தரவு நம் சர்வரில் ஒரே இடத்தில் இருக்கும், ஓரிரவில் திருத்திவிடலாம். மேசைக் கணினி மென்பொருளில் தரவு நம் கண்ணுக்கு எட்டாத அலமாரிகளில், அணைத்து வைத்த மடிக்கணினிகளில் இருக்கிறது.

திருத்தம் இரண்டு விதம். சில ஆயிரம் பெயர்கள்தான் என்றால் சாவியைச் சேமிக்கவே வேண்டாம். பெயர்களை நினைவகத்துக்கு எடுத்து கம்பேரேட்டரால் அடுக்கினால் பயனருக்கு வித்தியாசமே தெரியாது. சேமித்தே ஆக வேண்டுமென்றால், அதே தரவுத்தளத்தில் ஒரு சின்ன அட்டவணை வைத்து, கொலேட்டரின் கெட்வெர்ஷன், கெட்யுசிஏவெர்ஷன் என்ற இரண்டு மெத்தடுகளும் தரும் மதிப்புகளை அதில் எழுதி வையுங்கள். மென்பொருள் தொடங்கும்போது இப்போதைய மதிப்புகளோடு ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் எல்லாச் சாவிகளையும் ஒரே டிரான்சாக்ஷனில் மறுபடி கணக்கிட்டு, புதிய மதிப்பையும் அதே டிரான்சாக்ஷனில் எழுத வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பழைய நிலைக்கே திரும்பும், மறுமுறை தொடங்கும்போது முதலிலிருந்து செய்யும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஐசியூவைத் தனி வரிசைமுறையாகப் பதிவு செய்து, அதன் மேல் இன்டெக்ஸ் போட்டவர்களுக்கும் இதே கதிதான். அங்கே ரீஇன்டெக்ஸ் என்ற கட்டளையே இதற்காக இருக்கிறது.

சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இப்போது தெரியும். ஒவ்வொரு சோதனையும் காலியான தரவுத்தளத்தில் தொடங்கியது. எனவே முந்தைய வெளியீடு உருவாக்கிய உண்மையான ஒரு தரவுக் கோப்பைச் சோதனைக் கோப்புறையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பில்ட் அதைத் திறந்து, மேலே சொன்ன ஆறு பெயர்களில் முன்பே உள்ள மூன்றோடு மீதி மூன்றைச் சேர்த்து, வரிசையைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஒரு கோப்பைக் கூடுதலாகச் சேமித்து வாருங்கள். நூறு யூனிட் டெஸ்டுகளைவிட இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம்.

கோப்பே திறக்காதபோது

வரிசை கலைவது அமைதியான விபத்து. எச்2 தரவுத்தளத்தில் நடப்பது சத்தமான விபத்து. 2019-இல் வந்த அதன் 1.4.200 வெர்ஷன் நெடுங்காலம் பல மேசைக் கணினி மென்பொருள்களின் வயிற்றில் இருந்தது. 2021 இறுதியில் 2.0 வந்தது, பழைய கோப்பை அதில் திறக்க முடியாது. 2022 ஜனவரியில் எச்2-வின் கன்சோலில் (நிர்வாகத் திரையில்) ஒரு பாதுகாப்புக் குறை வெளியானது, எண் சிவிஇ-2021-42392. கன்சோலைத் திறக்காத மென்பொருளுக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை, ஆனாலும் இத்தகைய குறைகளைத் தேடும் ஸ்கேனர் சிவப்பு காட்டும். சிவப்பைப் பார்த்து எண்ணை மட்டும் ஏற்றி அனுப்பினால், ரசீதுக் கணக்கு மொத்தமும் திறக்காமல் நிற்கும்.

முறையான வழி, பழைய ஜாரைக் கொண்டு முழுத் தரவையும் எஸ்கியூஎல் கோப்பாக எழுதி, புதிய ஜாரில் ரன்ஸ்கிரிப்ட் கட்டளையை ஃப்ரம் 1எக்ஸ் என்ற குறிப்போடு கொடுத்து ஏற்றுவது. ஸ்கிரிப்ட் ஓடும் முன் மூலக் கோப்பை நகலெடுத்துத் தேதியோடு பெயரிட்டு வைத்துவிடுங்கள். 2.0-இல் வேல்யூ என்பது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. அட்டவணையில் தொகைக்கான பத்திக்கு அந்தப் பெயரை வைத்திருந்தால் நிரலிலுள்ள எஸ்கியூஎல் கேள்விகளையும் திருத்த வேண்டும்.

இதை மடிக்கணினியில் தானாக நடத்த வேண்டும், சங்கச் செயலாளரிடம் கட்டளை வரியைத் திறக்கச் சொல்ல முடியாது. இரண்டு ஜார்களிலும் கிளாஸ் பெயர்கள் ஒன்றே என்பதால் ஒரே கிளாஸ்பாத்தில் (ஜாவா நிரலைத் தேடும் பாதையில்) வைக்க இயலாது. தனிச் செயலாகப் பழைய ஜாரை ஓட்டலாம் என்று தோன்றும்; ஆனால் நிறுவி தயாரிக்கும் கருவியான ஜேபேக்கேஜ் இயல்பாக உருவாக்கும் ரன்டைமில் (மென்பொருளோடு போகும் ஜாவாவில்) ஜாவா என்ற கட்டளையே நீக்கப்பட்டிருக்கும். உருவாக்குபவரின் கணினியில் ஜேடிகே (முழு ஜாவா கருவித் தொகுப்பு) இருப்பதால் அங்கே ஓடும், கோயில் மடிக்கணினியில் ஓடாது. பழைய ஜாரை மாட்யூல்களோடு சேர்க்காமல் தனிக் கோப்பாக வைத்து, அதற்கென ஒரு யூஆர்எல் கிளாஸ்லோடர் திறந்து, பெற்றோராகப் பிளாட்ஃபார்ம் கிளாஸ்லோடரைக் கொடுப்பது நம்பகமான வழி. அங்கும் தரவுத்தள இணைப்புகளைத் தரும் டிரைவர்மேனேஜர் வழியாக இணைப்புக் கேட்டால் தராது, ஏனென்றால் அழைப்பவரின் கிளாஸ்லோடருக்குத் தெரியாத டிரைவரை அது ஒதுக்கிவிடும். டிரைவர் பொருளை நேரடியாக உருவாக்கி அதன் கனெக்ட் மெத்தடை அழைக்க வேண்டும்.

பென் டிரைவும் புயலும்

மாட்யூல்களாகப் பிரித்ததில் ஒரு ஆசை ஒட்டிக்கொண்டு வரும். ரசீதில் மட்டும் திருத்தம், எனவே ரசீது ஜாரை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோய் மாற்றிவிடலாம் என்பது. செய்யாதீர்கள். அந்த ஜார் தொகுக்கப்பட்டது இன்றைய கருவோடு, மடிக்கணினியில் இருப்பது போன ஆண்டின் கரு. முழு நிறுவியையே கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஜாரின் மேனிஃபெஸ்ட் குறிப்புக் கோப்பிலும் பில்ட் அடையாளம் ஒன்றை எழுதி, தொடக்கத்தில் கரு மாட்யூல் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஒன்று வேறுபட்டாலும் எந்த மாட்யூல் என்று பெயர் சொல்லி நிற்க வேண்டும்.

நிறுவியை எப்போது தயாரிப்பது என்பதும் இங்கே ஒரு கேள்வி. காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது, புயல் காலமோ நவம்பரிலிருந்தே தொடங்கிவிடும். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் அலுவலகங்கள் மூடிவிடும். மின்சாரமும் இணைப்பும் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் பில்ட் இணையமில்லாமல் ஓட வேண்டும். கிரேடிலின் ஆஃப்லைன் விருப்பம் அதன் சேமிப்பில் உள்ளதைக் கொண்டே ஓடும், ஆனால் 30 நாள் தொடப்படாத ஜார்களைக் கிரேடில் தானே துடைத்துவிடும். அக்டோபரில் ஓடியதால் ஜனவரியிலும் ஓடும் என்று நம்ப முடியாது. ஜார்களின் நகலைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்புறையில் மேவன் களஞ்சிய அமைப்பில் வைத்து, அதையே முதல் களஞ்சியமாக அறிவித்துவிடுவது நல்லது.

ஜார்கள் மட்டும் போதாது. கிரேடிலைத் தொடங்கும் சிறு நிரலான ராப்பர் கிரேடிலையே இணையத்திலிருந்து இறக்குகிறது. கிரேடிலின் டூல்செயின் அமைப்பு ஜேடிகேயை இறக்கலாம். திரைகளை உருவாக்கும் ஜாவாஎஃப்எக்ஸ் லைப்ரரி ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி ஜார். லினக்ஸில் மட்டும் பில்ட் செய்து வந்தால் விண்டோஸுக்கானது சேமிப்பில் இருக்காது. விண்டோஸில் எம்எஸ்ஐ நிறுவி உருவாக்க ஜேபேக்கேஜுக்கு விக்ஸ் கருவி வேண்டும், அது எந்தப் பில்ட் கோப்பிலும் எழுதப்படாத சார்பு. அக்டோபர் கடைசி வாரத்தில், நிறுவி உருவாகும் அதே விண்டோஸ் கணினியில், கிரேடிலின் வீட்டுக் கோப்புறையைக் காலியான வேறொன்றுக்குத் திருப்பிவிட்டு, இணையத்தோடு ஒருமுறை முழு பில்ட்டை ஓட்டுங்கள். பிறகு ரவுட்டரை அணைத்துவிட்டு, ஆஃப்லைனில் சுத்தமான நகலிலிருந்து எம்எஸ்ஐ வரை மறுபடி ஓட்டுங்கள். ஏதாவது ஒரு கோப்பு இல்லையென்று நின்றால் பிழைச்செய்தியே அதன் பெயரைச் சொல்லும். ரவுட்டரை மறுபடி போட்டு அதை இறக்கி வைத்துக்கொள்ள அன்றைக்கு நேரம் இருக்கும்.